கிசோ மலைவழியில் சுமாகோ நிலையூர்

ஜப்பானின் தலைநகராகிய தோக்கியோ 1868-க்கு முன்னர் எடோ என வழங்கியது. அந்நகரினின்று புறப்பட்ட அரசப் பெருவழிகள் ஐந்தனுள், மலைநாட்டினூடே ஏறத்தாழ 530 கிலோமீட்டர் சென்று கியோத்தோவை அடைந்தது நாகசெண்டோ என்பது. அதன்கண் அமைந்த நிலையூர்கள் 69. எடோவினின்று எண்ணுமிடத்து, கிசோப் பள்ளத்தாக்கிலுள்ள சுமாகோ 42-ஆவது. பழமை மாறாத ஊரெனப் பெயர்பெற்று இன்று அது பயணிகளை ஈர்க்கின்றது. அப்பழமை யாருடைய பழமை என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

நிலையூர் என யாம் குறிப்பது 'சுக்குபா' என்னும் ஜப்பானியச் சொல்லை. இதனைச் சத்திரம் என மொழிபெயர்ப்பின் பொருள் பிறழும். சத்திரம் வழிச்செல்வார்க்குப் பிறர் செய்த அறம். நிலையூரோ அரசு சுமத்திய கடமை. தோக்குகாவா இயேயாசு 1601-இல் கடலோரத் தோக்கைதோ வழியிலும், அடுத்த ஆண்டு நாகசெண்டோவிலும் இம்முறையை ஏற்படுத்தினார். அரசாணையுடன் வருவாரையும் அவர்தம் சுமைகளையும் அடுத்த நிலையூர் வரை கொண்டு சேர்த்தல் ஒவ்வோர் ஊரின் பொறுப்பு. ஆங்கே ஆளும் குதிரையும் மாறும். பின்னர் வகுத்த அளவின்படி, தோக்கைதோ ஊர்கள் 100 ஆட்களையும் 100 குதிரைகளையும் எந்நேரமும் அணியமாக வைத்திருத்தல் வேண்டும். நாகசெண்டோவில் இவ்வளவு பாதியாயிற்று. வளங்குன்றிய கிசோ ஊர்களுக்கோ 25 ஆட்கள், 25 குதிரைகள் என்னும் அளவே விதிக்கப்பெற்றது.

அச்சிறு அளவும் போதியதாய் இல்லை. சிற்றரசர்கள் ஓராண்டு எடோவிலும் ஓராண்டு தம் நாட்டிலும் மாறி மாறி உறைதல் வேண்டும் என 1635-இல் சட்டம் பிறந்தது. அவர்தம் ஊர்வலங்கள் பெருகவே, அண்டைச் சிற்றூர்களினின்று ஆளும் குதிரையும் பெறும் 'சுக்கெகோ' என்னும் முறை தோன்றிற்று. நடவோ அறுவடையோ, அழைப்பு வந்தால் உழவன் சென்றே தீரவேண்டும். 1764-இன் இறுதியில் இச்சுமையை மேலும் விரிக்க அரசு முனைந்தபோது, நாகசெண்டோவை அடுத்த முசாசி நாட்டு உழவர்கள் திரண்டெழுந்தனர். அரசு அம்முயற்சியைக் கைவிட நேர்ந்தது. 1861-இல் பேரரசரின் தங்கை கசுனோமியா, சோகன் இயேமோச்சியை மணக்கச் சென்றதும் இவ்வழியேதான். அவ்வூர்வலத்திற் சென்றோர் பல்லாயிரவர். சுமந்தோர் தொகையைத் தனியே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மரத்தின் வரலாறும் இதனோடு பின்னியது. கிசோக் காடுகள் ஒவாரிச் சிற்றரசர்க்கு உரியன. ஹினோக்கி முதலிய ஐவகை மரங்களை வெட்டினார்க்குத் தலையே தண்டம் என வழங்கினர். காட்டின் நடுவே வாழ்ந்தும் அம்மரத்தால் வீடு கட்டும் உரிமை மக்களுக்கு இல்லை. தடை நீங்கிய பின்னர், 1877-இல், சுமாகோவின் துணைத் தலைமை விடுதி முழுதும் ஹினோக்கியாலேயே புதிதாக எழுப்பப்பெற்றது. காண்போர் பலர் அதனைச் சிற்றரசர் காலத்துக் கட்டடம் எனக் கொள்வர். உண்மையில் அக்காலம் முடிந்தமையின் சான்று அது. சிற்றரசர் தங்கிய தலைமை விடுதியோ மெய்சிக் காலத்தில் இடிபட்டது. இன்று காண்பது 1995-இல் மீளக் கட்டியது.

நிலையூர் முறை 1872-இல் ஒழிந்தது. 1911-இல் முற்றுப்பெற்ற சூவோ இருப்புப்பாதை ஊரைத் தொடாது அப்பாற் செல்லவே, சுமாகோ நலிந்தது. வீடுகள் எஞ்சியது அந்நலிவினாலேயே என்னலாம். செல்வம் வந்திருப்பின் அவை என்றோ இடிந்திருக்கும். 1968-இல் சீரமைப்புத் தொடங்கிற்று. விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என 1971-இல் ஊரார் உறுதி பூண்டனர். 1976-இல் நாட்டரசு இவ்வூரைக் காப்புக்குரிய மரபுக் கட்டடப் பகுதியாக ஏற்றது.

சுமாகோவைக் காணச் செல்லும் ஆராய்ச்சியாளர் விடுதிகளின் எழிலிலேயே நின்றுவிடுகின்றனர். பொதுமக்கள் குடியிருந்த வரிசை வீட்டின் ஒரு பகுதியாகிய கீழைச் சகாயாவும், எளியோர் தங்கிய மேலைச் சகாயாவும் அவர்தம் குறிப்புகளில் ஓரிரு வரியே பெறுகின்றன. மேலைச் சகாயா பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியைச் சார்ந்தது எனக் கொள்வர். அத்தகைய விடுதிகளில் தங்கியோர் தம் அரிசியைத் தாமே கொணர்ந்து சமைத்து, விறகிற்கு மட்டும் விலை கொடுத்தனர்.