நல்லாயன்: ஒரு படிமத்தின் வரலாறு

கிறிஸ்தவ சமயத்தில் இறைவனை ஆயனாகக் காணும் மரபு, சாந்தமும் கனிவும் நிறைந்த நாட்டுப்புறக் காட்சியாகவே பெரிதும் கருதப்படுகின்றது. ஆயின், இப்படிமத்தின் தோற்றத்தை ஆராயுமிடத்து, அது ஆட்சியதிகாரத்தோடு பிணைந்த ஒன்றென்பது புலனாகும்.

பண்டைய மேற்காசியாவில் 'மேய்ப்பன்' என்பது மன்னர்க்குரிய பட்டமாகும். கி.மு. 18ஆம் நூற்றாண்டிற் பாபிலோனை ஆண்ட ஹமுராபி, தன் சட்டத் தொகுப்பின் முகவுரையில் தன்னை மேய்ப்பன் என்றே குறிப்பிடுகின்றான். குடிகள் மந்தை, மன்னன் அதன் காவலன். இப்பட்டத்தையே ஆள்வோர்க்கெதிரான குற்றச்சாட்டாக மாற்றியவர் எசேக்கியேல் தீர்க்கதரிசி ஆவார். கி.மு. 6ஆம் நூற்றாண்டிற் பாபிலோனில் நாடுகடத்தப்பட்டோரிடையே வாழ்ந்த அவர், மந்தையைப் பேணாது தம்மையே பேணிய மேய்ப்பரைக் கண்டிக்கின்றார். இனி இறைவனே சிதறியவற்றைத் தேடி வருவான் என்கின்றார். யோவான் நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில், கூலிக்கு மேய்ப்பவனிலிருந்து வேறுபடுத்தி இயேசு தம்மை நல்லாயன் எனக் கூறுவதை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும்.

அரச ஆதரவின்றி வாழ்ந்த தொடக்ககாலக் கிறிஸ்தவர் இப்படிமத்தைப் பெரிதும் விரும்பினர். உரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் ஆட்டைத் தோளிற் சுமந்த இளைஞனின் உருவம் பலவிடங்களிற் காணப்படுகின்றது. இவ்வுருவமைப்புக் கிரேக்க உரோமக் கலையில் முன்னரே வழங்கியதாகலின், அத்தகைய உருவம் ஒவ்வொன்றையும் கிறிஸ்தவச் சின்னமெனக் கொள்ளல் பொருந்தாது. எனினும், யூபிரற்றீஸ் நதிக்கரையிலுள்ள டூரா யூரோப்பொஸ் நகரிற் கண்டெடுக்கப்பட்ட வீட்டுத் தேவாலயம் ஐயத்துக்கு இடமளிக்கவில்லை. அந்நகர் கி.பி. 256 அளவிற் சசானியரால் வீழ்த்தப்பட்டது. அங்கே ஞானஸ்நானத் தொட்டிக்கு மேலுள்ள சுவரில், மந்தையோடு ஆயன் தீட்டப்பட்டிருந்தான்.

313இல் கிறிஸ்தவத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தபின் ஆயனின் தோற்றமும் மாறிற்று. இத்தாலியின் இறவெனா நகரில், கல்லா பிளசீடியாவின் பெயரால் வழங்கும் 5ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தின் வண்ணக்கற் சித்திரத்தில், ஆயன் ஆட்டைச் சுமக்கவில்லை. பொன்னாடை புனைந்து, சிலுவைக்கோல் தாங்கி, பாறைமேல் அமர்ந்திருக்கின்றான். ஒரு கை மட்டும் ஆட்டின் முகத்தை வருடுகின்றது. பின்னர் இவ்வுருவம் அருகி, அரியணையில் வீற்றிருக்கும் கிறிஸ்துவே கலையில் மேலோங்கினார்.

பட்டமும் மீண்டும் பதவியைச் சார்ந்தது. திருச்சபைத் தலைவர் கையில் மேய்ப்பன் கோல் ஏந்தினர். தமிழ்க் கத்தோலிக்கர் மேற்றிராணியாரை 'ஆயர்' என்றே அழைக்கின்றனர். எனவே இப்படிமம் ஆறுதலை மட்டும் அளிப்பதன்று. கோலேந்தும் எவரையும் அளக்கும் அளவுகோலுமாகும். மந்தையால் வாழ்பவன் யார், மந்தைக்காக வாழ்பவன் யார் என்னும் எசேக்கியேலின் வினா இன்றும் விடை வேண்டி நிற்கின்றது.