முதல் மகளும் மூன்றாம் மகளும்

தருமபுரி மாவட்டத்தின் பெண் சிசுக்கொலை பற்றிப் பேச்சு வந்தால் வறுமை, அறியாமை, வரதட்சணை என்று மூன்று காரணங்களை அடுக்கிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். இவற்றில் அறியாமை என்ற காரணம் ஆராய்ந்தால் நிற்காது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவாள். மருத்துவச்சியும் பாட்டியும் உடனிருப்பார்கள். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது, உரை மருந்து கொடுப்பது, தாய்க்குப் பத்தியச் சோறு போடுவது என்று பச்சிளங்குழந்தையைக் காப்பதற்கான முறை ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. அதில் சீம்பாலைப் பீய்ச்சிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது போன்ற தவறுகள் உண்டு. ஆனால் அந்தத் தவறுகள் ஆண், பெண் என்று பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. முதலில் பிறந்தது பெண்ணாக இருந்தால் பெரும்பாலும் அதுவும் இதே கவனிப்பில்தான் வளர்ந்தது. உயிராபத்து அதற்குப் பின் பிறந்த பெண்களுக்கு, குறிப்பாக மூன்றாம் மகளுக்குத்தான் மிகுதி. முதல் மகளைக் கண்ணும் கருத்துமாக வளர்த்த அதே கைகள் மூன்றாம் மகளிடம் பின்வாங்கின என்றால், அந்த வீட்டில் இல்லாமல்போனது பிள்ளை வளர்க்கும் அறிவு அல்ல. இந்தக் குழந்தை வேண்டாம் என்ற முடிவு அங்கே எடுக்கப்பட்டிருந்தது.

இந்த முடிவு நான்கு சுவருக்குள் எடுக்கப்பட்டாலும் அதன் தடம் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் விழுந்தது. பிறந்த முதல் வாரத்தில் இயல்பாகவே ஆண் குழந்தைகள்தான் அதிகம் இறக்கும்; இது உலகெங்கும் காணப்படும் உயிரியல் உண்மை. தருமபுரியிலும் சேலத்திலும் இந்தக் கணக்கு தலைகீழாக இருந்தது. கிராம சுகாதாரச் செவிலியர்கள் இத்தகைய மரணங்களைச் ‘சமூகக் காரணம்’ என்ற தலைப்பில் எழுதினார்கள். ஊரில் எல்லோரும் அறிந்ததை அரசு ஏடு அவ்வளவு தூரம்தான் சொல்ல முடிந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை இன்றைய தருமபுரியின் எல்லைக்குள் பார்த்தால், ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள். தமிழ்நாட்டிலேயே மிக மோசமான நிலை அது.

அரசின் முதல் பெரிய பதில், வேண்டாம் என்று முடிவு செய்த பெண் குழந்தையை அரசின் தொட்டிலில் விட்டுச்செல்ல இடம் தந்த தொட்டில் குழந்தைத் திட்டம். 1992-இல் ஜெயலலிதா ஆட்சியில் சேலத்தில் தொடங்கிய அது 2001-இல் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிந்தது. பெற்றோர் பொறுப்பைக் கைகழுவ அரசே வழி செய்துகொடுக்கிறது என்ற எதிர்ப்பு அப்போதே எழுந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை: பெண் குழந்தை பாரம் என்ற எண்ணத்தைத் தொட்டில் மாற்றாது. ஆனால் கொலைக்கும் வளர்ப்புக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இல்லாத வீட்டில், அந்தக் குழந்தை உயிர் பிழைப்பதற்கே அது தேவைப்பட்டது. எண்ணத்தை மாற்றும் வேலை வேறு இடத்தில் நடந்தது. 1990களின் பிற்பகுதியில், டென்மார்க் உதவியுடன் நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ், கலைப்பயணக் குழுக்கள் தருமபுரி கிராமங்களில் வீதி நாடகம் போட்டன. ஊர் மந்தையில், பெரியவர்களின் முன்னிலையில், யாரும் வாய்விட்டுச் சொல்லாத செய்தி கதையாக நடித்துக் காட்டப்பட்டது. ஏற்கெனவே பெண் குழந்தை உள்ள கர்ப்பிணிகளின் வீட்டுக்குச் செவிலியர்கள் அடிக்கடி போனார்கள். இந்த முயற்சியை வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் ஆய்வுக் கட்டுரையாகப் பதிவு செய்திருக்கிறார்கள். என் பார்வையில் இதன் பலம் அறிவுரையில் இல்லை. அந்த முதல் வாரத்துக்குச் சாட்சிகளை ஏற்படுத்தியதில் இருக்கிறது. நாளை ‘நர்சம்மா’ வந்து குழந்தை எங்கே என்று கேட்பார் என்றால், குடும்பம் தனக்குள் எடுத்த முடிவுக்கு வெளியே பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த முயற்சி பலன் தந்தது என்பதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. கொலை குறையவில்லை, ஸ்கேன் அறைக்கு இடம் மாறிவிட்டது என்பது ஒன்று. ஓரளவு உண்மைதான். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-இலேயே வந்தும், சட்டவிரோதமாக ஸ்கேன் செய்த கும்பல்கள் அண்மை ஆண்டுகளிலும் இம்மாவட்டத்தில் பிடிபட்டிருக்கின்றன. ஆனால் வெறும் இடமாற்றம் மட்டுமே நடந்திருந்தால் பாலின விகிதம் ஏறியிருக்காது. 2011 கணக்கெடுப்பில் அது 910-ஐத் தாண்டியது. குறைவாகப் பிள்ளை பெறுவதால் மூன்றாம் மகள் பிறப்பதே அரிதாகிவிட்டது, அதனால் வந்த முன்னேற்றம் இது என்பது இரண்டாவது மறுப்பு. சிறு குடும்பம் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஒன்றிரண்டு பிள்ளை போதும் என்ற வீட்டில் அதில் ஒன்று ஆணாக இருக்க வேண்டும் என்ற நெருக்கடி கூடும். சிறு குடும்பம் மட்டும் பெண் குழந்தையைக் காப்பாற்றியிருக்காது.

இன்று தருமபுரியில் பெரும்பாலான குழந்தைகள் மருத்துவமனையில்தான் பிறக்கின்றன. 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, குறைந்த எடை, தாயின் ரத்தசோகை, இளவயதுத் திருமணம் ஆகியவை பேசப்பட்டன. ஆபத்தின் முகம் மாறியிருக்கிறது. ஆனால் பதினெட்டு வயதுக்கு முன் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்ணுக்குத் தாய்ப்பால் புகட்டும் முறையை மட்டும் சொல்லிக்கொடுத்தால் எடை குறைந்த அவள் குழந்தை தேறிவிடாது. அவளுடைய திருமணத்தை முடிவு செய்தவர்களையும் யாராவது கேள்வி கேட்க வேண்டும். முதன்முறை பெற்றோர் ஆகிறவர்களுக்கான அறிவுரைகளோடு பச்சிளங்குழந்தைப் பராமரிப்பை முடித்துக்கொள்ளும் எந்தத் திட்டமும், இந்த மாவட்டம் முப்பது ஆண்டுகளில் கற்றதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறது.