துரையைக் கண்டதும் இறங்கிய கால்கள்

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சாய் யான் ரப்பர்க் கன்றுகளை நட்டு மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைத் தொடங்கினார். மேற்குக் கரையெங்கும் பால்மரக் காடு பரவியது; கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் திரட்டி வந்தார்கள். தமிழர்கள் இயல்பிலேயே பணிவானவர்கள் என்று தோட்டத்து வெள்ளைத் துரைமார் சொல்லி வந்தார்கள். அந்தப் பணிவு பிறவிக் குணமல்ல. தோட்டம் நாள்தோறும் பழக்கி ஏற்றியது.

உணவுக்குமுன் ஓர் ஓசையைப் பலமுறை கேட்ட நாய்க்குப் பிறகு அந்த ஓசைக்கே எச்சில் ஊறும் என்று இவான் பாவ்லவ் காட்டினார். அச்சத்தையும் அப்படியே ஏற்றலாம் என்பது 1920இல் வாட்சனும் ரேய்னரும் வெளியிட்ட ஆய்வு: வெள்ளை எலியை ஒரு குழந்தை தொடும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியை ஓங்கித் தட்டினார்கள்; பிறகு எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. தோட்டத்திலும் இதுவே நடந்தது. வெயில் ஏறுமுன் பால் நன்றாக வடியும் என்பதால் இருட்டிலேயே மணி அடிக்கும். ஆளெண்ணும் பெரட்டுக் களத்தில் பெயர் விடுபட்டால் கூலி போகும், வசவு விழும், அடியும் விழுவதுண்டு. ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தபின், தண்டனை வராத நாளிலும் துரையின் தலையைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும். அவர் எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற விதி இந்த அச்சத்தின்மேல்தான் நின்றது. இறங்கியதும் படபடப்பு அடங்கும். அந்த நிம்மதியே மறுநாளும் இறங்கவைக்கும்.

மனிதர் நாயல்லவே, கூலி போகும் என்று கணக்குப் பார்த்துத்தானே இறங்கினார்கள் என்று கேட்கலாம். கணக்கும் இருந்தது. ஆனால் அது மட்டுமே இருந்திருந்தால் 1941இன் கிள்ளான் ரப்பர்த் தோட்ட வேலைநிறுத்தம் கூலி உயர்வோடு நின்றிருக்கும். அந்தத் தொழிலாளர்களோ சைக்கிளைவிட்டு இறங்கும் விதியையும் நீக்கச் சொன்னார்கள். ஒரு காசுகூடக் கிடைக்காத கோரிக்கை அது. தங்கள் உடம்பில் எது ஏற்றப்பட்டிருந்தது என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது; பழக்கப்பட்ட அச்சம் அறிவை அழித்துவிடுவதில்லை.

ஓசை வந்தும் உணவு வராதிருந்தால் பழக்கம் மெல்லத் தேயும் என்பதும் பாவ்லவ் கண்டதே. தோட்டத்து அச்சத்தைத் தேய அரசு விடவில்லை. தொழிலாளர்களின் தலைவர் ஆர். எச். நாதன் கைதானார், படை இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அந்த டிசம்பரில் ஜப்பானியர் வர, துரைமார் ஓடினார்கள். போருக்குப்பின் அவர்கள் திரும்பியபோது, 1946–47இல் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை கட்டிக் கள்ளுக்கடைகளை மறித்தவர்கள், பணிவானவர்கள் எனப்பட்ட அதே தமிழர்கள்தான்.