சூலை முதல் ‘எல்லாம் நார்மல்’ வரை

பள்ளிப்பட்டுப் பக்கம் ஒருவருக்கு எலும்பு முறிந்தால் எங்கே போவது என்பதில் குழப்பமில்லை. ஆந்திர எல்லையைத் தாண்டினால் புத்தூர். அங்கே தலைமுறை தலைமுறையாகக் கட்டுப் போடுகிறார்கள். 1960-இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தபிறகும் அந்தப் போக்குவரத்து நிற்கவில்லை. முறிந்த எலும்பை எவரும் சந்தேகிப்பதில்லை. அது போகவேண்டிய இடமும் ஊரறிந்தது.

ஆனால் மாதக்கணக்கில் நெஞ்சடைப்பு, கால் எரிச்சல், தலைக் கிறுகிறுப்பு, ஓய்வெடுத்தாலும் தீராத அசதி என்று சொல்பவருக்கு அப்படியொரு திசை இல்லை. அவர் திருத்தணிக்குப் போகிறார். பிறகு திருவள்ளூர், திருப்பதி, வேலூர், சென்னை. ஒவ்வோர் ஊரிலும் இரத்தம் எடுக்கிறார்கள், ஈசிஜி பார்க்கிறார்கள், ஸ்கேன் செய்கிறார்கள். ஒரு பை நிறைய ரிப்போர்ட்டுகள் சேர்ந்தபின் அவருக்குக் கிடைக்கும் விடை ஒரே வாக்கியம்தான்: ‘எல்லாம் நார்மல்.’ நல்ல செய்தியாக இருக்கவேண்டிய இவ்வாக்கியம், வலியோடு இருப்பவரிடம் ‘நீ சொல்வதை நான் நம்பவில்லை’ என்பதாகச் சென்று சேர்கிறது. இத்தகைய துன்பம் மிகப் பழையது. இந்த வாக்கியமோ மிகப் புதியது. இரண்டுக்கும் நடுவில் நிகழ்ந்தது என்ன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் இலக்கியத்தில் தீராத வலியைத் தன் வாயாலேயே பதிவு செய்த முதன்மையான நோயாளி திருநாவுக்கரசர். ஏழாம் நூற்றாண்டில், சமண மடத்தில் தருமசேனராக இருந்தபோது அவரைச் சூலை பற்றியது. சமணர்கள் மந்திரித்த நீர் கொடுத்தும் மயிற்பீலியால் தடவியும் பார்த்து, வலி கூடியதைக் கண்டு கைவிட்டனர் என்கிறார் சேக்கிழார். சேக்கிழார் ஐந்து நூற்றாண்டுகள் கழித்து, சைவத்தின் பக்கம் நின்று எழுதியவர். மருந்து அளிப்பதைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றிய சமணர் தரப்பை அவரிடம் கேட்க இயலாது. எனினும் அதிகை வீரட்டானத்தில் அப்பர் பாடிய பதிகம் அவருடைய சொந்தக் குரல். வயிற்றினுள்ளே குடலோடு சேர்த்து முறுக்கும் வலியை அவர் துல்லியமாகச் சொல்கிறார். அதோடு, இதற்குக் காரணமாகத் தான் என்ன கொடுமை செய்தோம் என்றே தெரியவில்லை என்றும் முறையிடுகிறார். வலியின் விவரமும் காரணம் அறியாத திகைப்பும் அருகருகே வருகின்றன. இன்று புறநோயாளிப் பிரிவின் வரிசையில் அமர்ந்திருப்பவர் சொல்வதும் இவ்விரண்டைத்தான்.

அந்த வரலாற்றில் நாம் அதிகம் பேசாத ஒருவர் திலகவதியார். மடத்து வைத்தியம் பொய்த்தபின் இரவில் வந்து காலில் விழுந்த தம்பியிடம் அவர் ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லவில்லை. வலியை மெய்யென ஏற்றுத் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். சூலை தீர்ந்தது எதனால் என்பதில் பக்தரும் மருத்துவரும் வேறுபடலாம். அவர் நம்பப்பட்டார் என்பதில் வேறுபாட்டுக்கு இடமில்லை.

பதினைந்தாம் நூற்றாண்டு அருணகிரிநாதரின் திருத்தணித் திருப்புகழ் ஒன்று நோய்களின் பட்டியலாகவே அமைந்தது. இருமலில் தொடங்கி வாதம், நீரிழிவு, ஓயாத தலைவலி, சோகை, ஈளை, சூலை என நீள்கிறது. பெயர் சொல்லக்கூடியவற்றைச் சொல்லிமுடித்தபின், இன்னும் உள்ள வேறு நோய்களையும் அவர் ஒரு சொற்றொடரில் சேர்த்துவிடுகிறார். பெயரில்லாத நோயும் நோய்தான் என்ற ஒப்புதலை அந்தச் சொற்றொடரில் காண்கிறேன். முருகனின் சினம் தணிந்த இடம் என்று பெயர்க்காரணம் சொல்லப்படும் மலைக்கு, தணியாத உபாதையோடு மக்கள் ஏறிவந்ததில் வியப்பில்லை.

அதே மலையில்தான் முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கிருதியைப் பாடினார் என்பது இசையுலக மரபு. அவருடைய சீடரும் சுத்த மத்தளக் கலைஞருமான தம்பியப்பன் ஆறாத வயிற்றுவலியால் துன்புற்றபோது, குருவின் கிரகநிலையே காரணம் என்று கண்டு, அடாணாவில் ‘ப்ருஹஸ்பதே’ இயற்றிப் பாடச்செய்தார் என்றும் அம்மரபு சொல்கிறது. இங்கும் முறை ஒன்றே. வலிக்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது. நோயாளி செய்வதற்கு ஒரு காரியம் தரப்படுகிறது.

சித்த மருத்துவம் 4448 நோய்கள் என்று எண்ணியது. அதன் எண்வகைத் தேர்வில் நாடி, நிறம், விழி முதலியவற்றோடு ‘மொழி’யும் ஒன்று, நோயாளியின் குரலும் பேச்சுமே சோதனைப் பொருள். நோயாளி உணர்வது ஒருபுறம், நோய் மறுபுறம் என்ற பிரிவு அங்கே கூர்மையாக இல்லை. இதைக் கொண்டு பழைய காலம் பொற்காலம் என்று முடிவுகட்டுவது தவறு. அக்காலத்தில் சூலையால் துடித்தவர்களில் எத்தனையோ பேர் குணமாகாமலே இறந்திருப்பார்கள். அவர்கள் பதிகம் பாடவில்லை. பழைய முறை நோயாளியை நம்பியது, ஆனால் பெரும்பாலும் குணப்படுத்தவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இதைத் தலைகீழாக்கியது. 1816-இல் லென்னெக் ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கினார். 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டார். நோய் என்பது உறுப்பில் காணக்கூடிய ஒரு பழுது என்ற எண்ணம் நிலைபெற்றது. அதனால் கோடிக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. ஆனால் பழுது தென்படாதவர்கள் நோயாளி என்ற தகுதியையே இழந்தார்கள். அவர்களுக்காகச் சில பெயர்கள் உண்டாயின. பெண்களுக்குப் பெரும்பாலும் பழைய ‘ஹிஸ்டீரியா’ கிடைத்தது. 1869-இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் பரப்பிய ‘நியூரஸ்தீனியா’ உலகெங்கும் சுற்றியது. மேற்கில் அச்சொல் வழக்கொழிந்தபின்னும், ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற பெயர் நம் ஊர்ச் சுவர்களில் வாழ்கிறது. மாதம் ஒருமுறை லாட்ஜில் அறையெடுத்து வைத்தியம் பார்ப்பவர்களின் விளம்பரங்களைப் பார்த்திராத தமிழர் இல்லை. மருத்துவமனை ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவைத்தவர்களே அந்த அறைகளின் வாடிக்கையாளர்கள். அங்கே அவர்களுக்குக் குறைந்தபட்சம் ஒரு பெயர் கிடைக்கிறது, விலை எதுவாயினும்.

காரணம் தெரியாத இடத்தை மனதின் கணக்கில் எழுதிவிடும் பழக்கத்துக்கு வரலாறு சில பாடங்கள் வைத்திருக்கிறது. நாம் குன்மம் என்று சொல்லிவந்த வயிற்றுப்புண்ணுக்குக் கவலையும் காரமும் அமிலமும்தான் காரணம் என்று இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி நம்பப்பட்டது. 1982-இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையில் ஒரு நுண்ணுயிரைக் கண்டார்கள். 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். 1955-இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஏறத்தாழ முந்நூறு ஊழியர்கள் விளங்காத ஒரு நோயில் விழுந்தார்கள். 1970-இல் இரு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்புகளைப் படித்து, அது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினர். பாதிக்கப்பட்டோரில் பெண்கள் மிகுதி என்பதும் அவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று. அந்நிகழ்வோடு சேர்த்துப் பேசப்படும் நாட்பட்ட களைப்பு நோய் மெய்யான, கடுமையான உடல்நோய் என்று அமெரிக்க மருத்துவக் கழகம் அறிவிக்க 2015 ஆயிற்று. கொரோனாவுக்குப் பிறகு எத்தனையோ பேருக்கு அதே அசதி நீடித்தபோதுதான், அது கற்பனையல்ல என்பது பொதுமக்களுக்கும் புலப்பட்டது.

எல்லா விளங்காத வலிக்கும் பின்னால் ஒரு நுண்ணுயிர் காத்திருக்கிறது என்று இதற்குப் பொருளல்ல. சோர்வும் துக்கமும் உடம்பின் வழியே பேசுவதும் உண்மைதான். அப்போதும் வலி மெய்யாகவே வலிக்கிறது. இவ்விடத்தில் நம் பக்கத்து நாட்டில் நடந்த ஓர் ஆய்வு கவனிக்கத்தக்கது. இலங்கையில் மனநல மருத்துவர் அதுல சுமதிபால, விளங்காத உபாதைகளுடன் திரும்பத் திரும்ப மருத்துவரிடம் வருபவர்களை ஆராய்ந்தார். 2000-இல் வெளியான முதல் ஆய்வில், எண்ணப்போக்கை மாற்றும் உளவியல் சிகிச்சை பலன் தந்தது. 2008-இல் வெளியான பெரிய ஆய்வில் அச்சிகிச்சையை, குறித்த நாட்களில் குறித்த நேரம் ஒதுக்கி மருத்துவர் முறையாகப் பார்க்கும் கவனிப்போடு ஒப்பிட்டார். இரு தரப்பினரும் நன்றாகவே தேறினர். இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நேரம் கொடுத்துத் தொடர்ந்து பார்ப்பதே சிகிச்சையின் பெரும்பகுதியாக இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மருத்துவ வகைப்பாடும் மெல்ல இப்பக்கம் திரும்பியிருக்கிறது. 2013-இல் வெளியான அமெரிக்க மனநலக் கையேடு, உடல்சார் அறிகுறிகளுக்கான தன் முதன்மை வரையறையிலிருந்து ‘மருத்துவத்தால் விளக்கமுடியாத’ என்ற நிபந்தனையை நீக்கியது. விளக்கம் இல்லாமை நோயாளியின் குணமல்ல, அன்றைய அறிவின் எல்லை என்பதை அது ஓரளவு ஒப்புக்கொள்கிறது.

நார்மல் என்று வந்த ரிப்போர்ட், தேடப்பட்ட நோய்கள் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. தேடப்படாதவை பற்றி அது வாய் திறப்பதில்லை. ஆகவே ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்பதும் ‘நாங்கள் தேடிய ஆபத்துகள் இல்லை; வலி இருக்கிறது; அடுத்த மாதம் மறுபடி வாருங்கள், பார்ப்போம்’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் சொல்ல மருத்துவருக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் தேவைப்படும். முதலாவதைக் கேட்டவர் அடுத்த ஊருக்குப் பஸ் ஏறுகிறார், அதே சோதனைகளை முதலிலிருந்து செய்துகொள்ள.