வேட்டைக்கு முன் அறிய வேண்டிய எல்லை

வேட்டையை மார்க்கம் ஆகுமாக்கியது, எல்லையின்றி ஆகுமாக்கவில்லை. இஹ்ராம் நிலையில் இருப்பவர் தரைவாழ் பிராணியைக் கொல்வதை அல்மாயிதா அத்தியாயத்தின் 95ஆவது வசனம் தடுத்து, மீறியவருக்குப் பரிகாரமும் விதிக்கிறது. அறியாமல் கொன்றவர் மீது பாவம் இல்லையெனினும் பரிகாரம் நீங்காது என்பதே பெரும்பாலான இமாம்களின் முடிவு. காலத்தையும் இடத்தையும் அறிந்த பின்னரே வேட்டை என்னும் ஒழுங்கை இதிலிருந்து நாம் கற்கிறோம்.

நம் கொங்கு மண்ணின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இணைந்திருந்த நீலகிரியில், வெள்ளையரின் துப்பாக்கிகளுக்கு வரையாடுகள் பெருமளவில் இரையாயின. 1879இல் சென்னை மாகாண அரசு அம்மாவட்டத்துக்கெனத் தனிச்சட்டம் இயற்றி, வேட்டை கூடாத பருவத்தை வகுக்க வழிசெய்தது. விடுதலைக்குப் பின் 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. தொடக்கத்தில் சில விலங்குகளை வேட்டையாட உரிமம் வழங்க இடமளித்த அச்சட்டம், 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவ்வாயிலையும் அடைத்தது.

ஆகவே, ஆனைமலை அடிவாரத் தோப்புகளில் உலவும் மயிலும் புள்ளிமானும் மட்டுமல்ல, காட்டு முயலும் கௌதாரியும் சட்டத்தின் காப்பில் உள்ளவையே. மயிலைக் கொன்றவருக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. ‘சட்டம் தெரியாது’ என்னும் சொல் நீதிமன்றத்தில் செல்லாது.

முயல் ஹலாலான பிராணிதானே எனச் சிலர் வினவலாம். இறைச்சி ஹலால் என்பது வேறு. அதை அடையும் வழி நேர்மையானதா என்பது வேறு. உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு ஏவும் அல்மாயிதாவின் முதல் வசனமே, வேட்டைக்குரிய தடையையும் சேர்த்தே கூறுகிறது. நாட்டின் சட்டத்தைப் பேணுவதும் அத்தகைய உடன்படிக்கையே என்பதை நம் பிள்ளைகளுக்கு உணர்த்துவோம்.