கணியன் காட்டிய வழி

செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசாத நாளே இல்லை என்றாகிவிட்டது. அத்துறையில் நிறுவனம் தொடங்கிப் பெரும்பொருள் ஈட்டியோரின் வாழ்க்கை வரலாறுகளை நம் மாணவர்கள் ஆர்வத்துடன் படிக்கின்றனர். படிக்கட்டும். ஆயினும், கணினியிடம் தமிழில் வினவித் தமிழிலேயே விடை பெறும் அப்பிள்ளைகளுக்கு, கணினிக்குள் தமிழ் புகுந்த வரலாறு தெரியவில்லை என்பதை வகுப்பறையில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவ்வரலாற்றின் முதன்மையான ஏடுகளுள் ஒன்று நம் சிங்கப்பூரில் எழுதப்பட்டது. எழுதியவர் ஒரு தமிழாசிரியர்.

அவர் நா. கோவிந்தசாமி. 1946இல் பிறந்தவர். பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்து, பின்னர்த் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராக விளங்கியவர். 'வேள்வி', 'தேடி' முதலிய நூல்களின் ஆசிரியர். 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றவர். இலக்கியவாதி ஒருவர் கணினியை ஏன் நாடினார் என்பதை உணர, அன்றைய இடர்ப்பாட்டை முதலில் அறிதல் வேண்டும்.

அக்காலக் கணினி முறையில் எழுத்துகளுக்கு இருந்தவை 256 இடங்கள். அவற்றுள் முதல் 128 இடங்களை ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் பிடித்துக்கொண்டன. எஞ்சியவை 128. நம் தமிழுக்கோ 247 எழுத்துகள். ஆகவே கொம்பு, கால், விசிறி எனத் துண்டு துண்டாகப் பிரித்து அடுக்க வேண்டியிருந்தது. எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தத்தம் விருப்பம்போல் அடுக்கினர். விளைவு, ஒருவர் தட்டச்சு செய்த கடிதம் மற்றவர் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. அச்சிட்டுப் படிக்கலாம், அனுப்பிப் படிக்க இயலாது.

இந்நிலையில் கோவிந்தசாமி உருவாக்கிய தமிழ் மென்பொருளின் பெயர் 'கணியன்'. கணிப்பவன் என்னும் பொருளும் அதில் உண்டு. புறநானூற்றுப் புலவர் கணியன் பூங்குன்றனாரின் நினைவும் உண்டு. உலகத்தாரை ஒன்றிணைக்க வந்த இணையத்திற்கு இதனினும் பொருத்தமான தமிழ்ப்பெயர் வேறு யாது?

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் இணைய ஆய்வை வழிநடத்திய பேராசிரியர் டான் டின் வீயுடன் அவர் கைகோத்தார். 1995 அக்டோபரில், அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் நான்கு மொழிகளிலும் அமைந்த சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பொன்றை இணையத்தில் தொடங்கி வைத்தார். தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்திலேயே அதில் இடம்பெற்றன. இணையத்தில் தமிழ் எழுத்து தோன்றிய தொடக்க நிகழ்வுகளுள் ஒன்றாக இது போற்றப்படுகிறது. 1997 மே மாதத்தில் தமிழ் இணைய மாநாடும் இங்கேயே கூடியது. எல்லாருக்கும் பொதுவான விசைப்பலகையும் குறியீடும் வேண்டும் என்ற குரல் அங்கு வலுப்பெற்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டின் வழியே 'தமிழ்99' விசைப்பலகை பிறந்தது. அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி மறைந்தார். வயது 53. அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் கூடிய மாநாட்டில் 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானபோது, அதனைக் காண அவர் இல்லை.

ஆசிரியர் தொடங்கியதற்கு ஒப்பான பணியைப் பாலத்துக்கு அப்பால், மலேசியாவில், தொழில்முனைவர் ஒருவர் தமக்கே உரிய வழியில் செய்துவந்தார். அவர் முத்து நெடுமாறன். கவிஞர் முரசு நெடுமாறனின் மைந்தர். 1980களின் நடுவிலேயே தமிழ் மென்பொருள் ஆக்கத்தில் இறங்கிய அவர் 'முரசு அஞ்சல்' செயலியைத் தந்தார். 2005 பொங்கலையொட்டி அவருடைய 'செல்லினம்' சிங்கப்பூரில் அறிமுகம் கண்டது; கைத்தொலைபேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி எழுதும் வாய்ப்பு பிறந்தது. ஆப்பிள் கருவிகளில் நாம் காணும் 'தமிழ் சங்கம் எம்.என்.' எழுத்துருவின் பெயரில் உள்ள இரண்டு முன்னெழுத்துகள் அவருடையவையே. தேக்காவில் காய்கறி வாங்கியபடியே வீட்டாருக்குத் தமிழில் செய்தி அனுப்புவோர் எத்தனை பேர் இதனை அறிவர்?

இவற்றுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு நேரடியானது. இன்றைய மொழி மாதிரிகள் இலக்கண நூலைப் படித்து மொழியைக் கற்பதில்லை. கோடிக்கணக்கான வாக்கியங்களைப் பார்த்து, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கணித்தே கற்கின்றன. தமிழ் வாக்கியங்கள் எழுத்தாகக் கணினியில் இருந்தால்தான் தமிழ் கற்கும். படமாக இருந்தால் எளிதில் கற்காது. 2023 டிசம்பரில் ஏஐ சிங்கப்பூர் அமைப்பு வெளியிட்ட 'சீ-லயன்' மாதிரி, இவ்வட்டார மொழிகளுடன் தமிழையும் சேர்த்துக்கொண்டது. அது கற்பதற்குத் தமிழ் உரை இருந்ததென்றால், அதற்கு அடிகோலியவர்கள் இத்தகைய முன்னோடிகளே.

ஆனால் மகிழ்ந்து அமர்ந்துவிட முடியாது. இன்று உலகப் பொதுமுறையாக நிலைபெற்றிருப்பது ஒருங்குறி. அதற்கு முன் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த சிறுகதைகள், ஆய்வுரைகள், பள்ளி மலர்கள், பயிற்றுநூல்கள் இன்னும் பலரது வட்டுகளில் உறங்குகின்றன. என் பேழையிலும் அத்தகைய வட்டுகள் சில உண்டு. உரிய மாற்றியின்றி அவற்றைத் திறந்தால் தெரிவது தமிழன்று, குறிகளின் குப்பை. மனிதருக்கே விளங்காதது இயந்திரத்திற்கு எவ்வாறு விளங்கும்? சிங்கப்பூர்த் தமிழர் எழுதியவை கணினிக்குப் புலப்படாவிட்டால், நாளைய இயந்திரம் பேசும் தமிழில் நம் தமிழுக்கு, நம் தேக்காவுக்கு, நம் அடுக்குமாடி வாழ்வுக்கு இடமிராது.

ஆசிரியர்களே, எழுத்தாளர்களே! உங்களிடமுள்ள பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும் செயலிகள் இணையத்தில் விலையின்றியே கிடைக்கின்றன. ஒரு விடுமுறை நாள் போதும். மாணவர்களுக்கு நிறுவனங்களின் கதையைச் சொல்லும்போது, வகுப்பு முடிந்தபின் கணினிமுன் அமர்ந்து கொம்பையும் காலையும் அடுக்கிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியரின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் நம்மில் ஒருவர்.