பாடநெறியை மூடும் அதிகாரம் யாருக்கு?

பல்கலைக்கழகம் ஒன்றின் ஆளும் சபை தான் விரும்பியவாறு பாடநெறியொன்றை நிறுத்திவிட முடியுமா? எமது நாட்டின் 1978 ஆம் ஆண்டு 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் இவ்விடயத்தில் ஒரு கடிவாளத்தை வைத்திருக்கிறது. கல்விசார் விடயமொன்றில் மூதவை தனது அபிப்பிராயத்தைத் தெரிவிப்பதற்கு முதலில் சந்தர்ப்பம் வழங்காமல் பேரவை எந்தத் தீர்மானத்தையும் நிறைவேற்றலாகாது. ஆனால், இது பேரவைக்கும் மூதவைக்கும் இடையிலான ஏற்பாடு மாத்திரமே. அனுமதி பெற்ற மாணவனின் கதி என்ன என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. அமெரிக்க நீதிமன்றங்கள் அந்தக் கேள்வியை நேரடியாகவே எதிர்கொண்டன. நீதிமன்றத் தீர்ப்புகளை நீண்டகாலமாக வாசித்து எழுதிவந்தவன் என்ற வகையில், அவற்றில் இரு வழக்குகள் என்னை வெகுவாகச் சிந்திக்க வைத்ததுண்டு.

முதலாவது, நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்டது. ஸ்டோனி புரூக்கில் பாத மருத்துவக் கல்லூரியொன்றை ஆரம்பிக்கத் தீர்மானித்து மாணவர்களுக்கு அனுமதியும் வழங்கப்பட்டது. 1975 இல் ஏற்பட்ட நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி அத்திட்டத்தை ஆளுநர் சபை இடைநிறுத்தியது. மாணவர்கள் நீதிமன்றம் சென்றனர். அனுமதியை அவர்கள் ஏற்றுக்கொண்டபோதே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று அதே வருடம் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லூரியைத் திறக்காமல் விடுவதால் மிச்சமாகும் பணம் சொற்பம்; மாறாக, கிடைக்கவிருந்த சமஷ்டி நிதியுதவியே கைநழுவும் என்பதையும் நீதிமன்றம் கவனத்திற்கெடுத்து, மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு உத்தரவிட்டது. ஒரு நாள்கூட வகுப்பில் அமர்ந்திராதவர்கள் அவர்கள்!

இரண்டாவது கதை கசப்பானது. தென் டகோட்டாவில் மிசூரி ஆற்றங்கரையிலுள்ள ஸ்பிரிங்பீல்ட் என்ற சிற்றூரின் கல்லூரி 1881 இல் ஆசிரியர் பயிற்சிக்கென நிறுவப்பட்டது. 1971 இல் அது தென் டகோட்டாப் பல்கலைக்கழகத்தின் ஸ்பிரிங்பீல்ட் வளாகமாகியது. வில்லியம் ஜான்க்லோ ஆளுநராக இருந்த காலத்தில், 1984 இல், மாநிலச் சட்டசபை அதனை மூடிச் சிறைச்சாலையாக மாற்றத் தீர்மானித்தது. அதே வருடமே கைதிகள் வந்து சேர்ந்தனர்.

அங்கு படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் சிலர் ஒப்பந்த மீறலுக்கு நட்டஈடு கோரி வழக்குத் தொடுத்தனர். பட்டம் முடியும்வரை கற்பிப்பதாகக் கல்லூரி உறுதியளித்தது என்பது அவர்களது வாதம். 1987 இல் மாநிலத்தின் உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் கட்டணம் செலுத்தப்படுகிறது. ஒப்பந்தமும் அந்தத் தவணையுடன் முடிவடைகிறது என்பதே அதன் நிலைப்பாடு.

அனுமதிக் கடிதத்துடன் நின்றவர்கள் வென்றனர். படிப்பின் நடுவில் நின்றவர்கள் தோற்றனர். இரு வழக்குகளுக்கும் இடையிலான வேறுபாட்டைச் சட்டவல்லுநர்கள் பலவிதமாக விளக்கக்கூடும். என்னைப் பொறுத்தவரை, முடிவை எடுத்தது யார் என்பதே பிரதானமானது. நியூயோர்க்கில் அது பல்கலைக்கழகத்தின் ஆளுநர் சபை. அதன் காரணங்களை நீதிபதிகளால் எடைபோட முடிந்தது. தென் டகோட்டாவில் சட்டசபையே முடிவை எடுத்தது. ஆளும் சபைகளுக்கு இடப்படும் கடிவாளம் அரசியல்வாதிகளின் கைகளைக் கட்டுவதில்லை. இலங்கையிலும் பல்கலைக்கழகத் துறைகள் தொடர்பான கட்டளைகளை, மானியங்கள் ஆணைக்குழுவின் விதப்புரையின் பேரில், அமைச்சரே வர்த்தமானியில் பிரசுரிக்கிறார் என்பதை இங்கு நினைவுபடுத்துவது பொருத்தமாக இருக்கும்.

ஸ்பிரிங்பீல்ட் தொடர்பில் 1985 இல் வேறொரு தீர்ப்பும் வந்தது. கல்லூரியைச் சிறைச்சாலையாக்குவதற்குச் சட்டசபைக்கு அதிகாரம் உண்டு, ஆனால் கல்விக்கென நம்பிக்கைப் பொறுப்பில் இருந்த அந்தச் சொத்தின் பெறுமதியை உரிய நிதியத்துக்கு அரசு ஈடுசெய்யவேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியது. காணிக்கும் கட்டடத்துக்கும் விலை கிடைத்தது. இரண்டு வருடங்களின் பின்னர் வந்த மாணவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.